தொத்தோரே மறுத்த மனு

பலெர்மோவில் என்னுடைய இத்தாலிய மொழியைக் கேட்டு முதன்முதலாகச் சிரித்தவர் போர்கோ வெக்கியோ சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு மனுசர். நான் அவரிடம் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: "மேற்படி கத்தரிக்காய்களின் விலை குறித்து அறியத் தரவும்." அவர் கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். "சின்யோரா, அதை இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றார். நான் வடிவாகச் சொன்னேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கத்தரிக்காய் இனாமாகக் கிடைத்தது.

பிழை என்னுடையது இல்லை. தொண்ணூறுகளில் இலங்கையிலிருந்து வந்து அந்த ஊரிலிருந்த எங்கள் சனம் இத்தாலிய மொழியை யார் வீட்டில் வேலை செய்தார்களோ அவர்களிடமிருந்துதான் பொறுக்கிக்கொண்டார்கள். குழந்தை பார்க்கப் போனவர்கள் குழந்தை போலக் கதைத்தார்கள். உணவகக் குசினிக்குப் போன என்ர மனுசனின் இத்தாலிய மொழியில் பாதி தூசணம். நான் போனது லிபெர்த்தா வீதியில் ஒரு நாலாம் மாடி வீட்டுக்கு. அங்கே தனியாக இருந்தவர் எண்பதை நெருங்கிய ஒரு கிழவர். படித்து உத்தியோகம் பார்த்த எவரையும் அந்த ஊரில் தொத்தோரே என்றுதான் அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

பலெர்மோ இருக்கிற சிசிலித் தீவுக்கென்று தனியாக ஒரு மாநில அரசாங்கம் உண்டு. ரெஜியோனே என்பார்கள். தொத்தோரே அந்த ரெஜியோனேயில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்து இளைப்பாறியவர். அவருடைய வேலை, நாடகக்காரர், பாட்டுக்காரர், வாத்தியக் குழுக்காரர் அனுப்புகிற உதவி மனுக்களைப் படித்து, சட்டத்துக்குப் பொருந்தாதவற்றை மறுத்து எழுதுவது. பொருந்தியது மிகக் குறைவு என்று அவரே பெருமையாகச் சொல்லுவார். காலையில் நான் வீடு துடைக்கும்போது பத்திரிகையை உரக்க வாசிப்பார். பத்திரிகை முடிந்தால் தான் முன்பு எழுதிய மறுப்புக் கடிதங்களின் பிரதிகளை வாசிப்பார். ஏழு வருசம் அதைக் கேட்டுத்தான் எனக்கு மொழி வந்தது.

போர்கோ வெக்கியோவில் எங்கள் வீடு ஒரே அறை. அதில்தான் பிள்ளைகளோடு சேர்த்து நாங்கள் ஒன்பது பேர் நாடகம் பழகினோம். மாதா கோயில் மண்டபம் கிடைக்கவில்லை. ஒரு கிழமை கலியாணம், மறு கிழமை முதல் நன்மை விருந்து. எங்கள் நாடகம் பழைய கதை இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து எழுதிய பகிடி. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி எடுக்கிற வரிசையில் விடிய முதலே சனம் வந்து நிற்கிறது. யன்னல் திறக்க முதல் அந்த வரிசைக்குள்ளேயே ஒரு கலியாணம் பேசி முடிகிறது, இரண்டு ஊர்ச் சனம் சண்டை பிடித்துச் சமாதானமாகிறது, ஒரு பிள்ளைக்குப் பெயரும் வைத்தாகிறது. யன்னலுக்குப் பின்னால் இருக்கிற உத்தியோகத்தர் என்ர மனுசன். பழைய சாமான் சந்தையில் வாங்கின ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு, "அடுத்த ஆள்" என்று இத்தாலிய மொழியில் கத்துவார்.

ஒரு நாள் அப்படிக் கத்தும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். மேல்வீட்டுச் சனம் பொலிஸ் வந்துவிட்டது என்று பயந்து ஆள் அனுப்பியிருக்கும் என்று நினைத்தோம். திறந்தால், எதிர்ப்பக்கத்து அரங்கை நடத்துகிற பெண். ஐம்பது வயது இருக்கும். ஆள் சிறிது, குரல் பெரிது. முன்பு மீனுக்கு ஐஸ் வைத்த கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து அவ அரங்காக்கியிருந்தா. எல்லோரும் அவவை இயக்குநர் என்றுதான் சொல்வார்கள்.

"யார் கத்தினது?" என்றா.

என்ர மனுசன் தொப்பியைக் கழற்றினார்.

"இவ்வளவு நன்றாகக் கத்துகிற ஆள் என்னுடைய குழுவில் இல்லை. திங்கட்கிழமை அரங்கு சும்மாதான் கிடக்கிறது. அங்கே வந்து கத்துங்கள்."

அன்றிலிருந்து திங்கட்கிழமை பின்னேரங்கள் எங்களுடையவை. மேடைக்கு ஏறின முதல் நாள் நாங்கள் எல்லோரும் மெதுவாகக் கதைத்தோம். இடம் பெரிதாக இருந்தது. வரிசையை உண்மையாகவே வரிசையாக நிறுத்த முடிந்தது. வீட்டில் அதைக் கட்டிலைச் சுற்றி வளைத்து நிறுத்தியிருந்தோம்.

இரண்டு வருசம் அப்படிப் போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டா. எங்களையும், புதன்கிழமை பழகுகிற அந்தப் பகுதியின் வாத்தியக் குழுவையும். சிறிய அரங்குகளுக்கு ரெஜியோனே கொடுக்கிற உதவியை வருகிற வருசத்திலிருந்து நிறுத்துவதா இல்லையா என்று ஒரு குழு யோசித்துக்கொண்டிருக்கிறதாம். உதவி நின்றால் கிடங்கின் வாடகை கொடுக்க முடியாது. கிடங்கின் சொந்தக்காரர் அதைக் கார் நிறுத்துமிடமாக்கக் காத்துக்கொண்டிருக்கிறார். முதலில் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு மூன்று பேர் நேரில் போய்க் கதைக்கலாம்.

"நான் போவேன்" என்றா இயக்குநர். "ஆனால் எனக்குக் கோபம் வரும். வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதுகிறவர் வருவார். ஆனால் அவருக்குக் கதை வராது." பிறகு என்னைக் காட்டினா. "இந்தத் தெருவில் அரசாங்கத்தின் மொழி கதைக்கிறது இவர் ஒருவர்தான். சந்தையில் எல்லோருக்கும் தெரியும்."

கத்தரிக்காய் அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் என்ர மனுசன் கேட்டார். "நீர் ரெஜியோனேயிலை போய் என்னெண்டு கதைக்கப் போறீர்?"

"ஏழு வருசமாய்த் தொத்தோரேட்டைப் படிச்சதைக் கதைக்கப் போறன்."

"அந்தாள் மறுக்கிறதையெல்லோ உமக்குப் படிப்பிச்சது."

அதுவும் சரிதான் என்று பட்டது. அதனால் அடுத்த நாளே மனுவை எழுதி எடுத்துக்கொண்டு தொத்தோரேயிடம் போனேன். பிழை இருந்தால் பார்க்கட்டும் என்றுதான் கொடுத்தேன். அவர் முகம் மாறிய விதத்தை இப்போதும் நினைத்தால் சிரிப்பு வரும். நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தார். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சின்னப் பிழைக்குச் சிவப்பு, பெரும் பிழைக்கு நீலம். "சின்யோரா, வெளியில் காத்திருங்கள்" என்றார்.

வெளியில் என்றால் குசினி. நான் போய்க் காத்திருந்தேன். கால் மணி நேரத்துக்குப் பிறகு கூப்பிட்டார்.

"மறுக்கப்படுகிறது" என்றார். "இதில் 'தயவுசெய்து' என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. கெஞ்சினால் அது பிச்சை. பிச்சைக்கு வேறு திணைக்களம்."

இரண்டாம் தரம் 'தயவுசெய்து' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எழுதினேன். அதையும் மறுத்தார். யாருக்கு எழுதுகிறேன் என்பது முதல் வரியில் இல்லையாம். மூன்றாம் தரம் முத்திரை ஒட்டுவதற்கு இடம் விடவில்லை. நாலாம் தரம் இடம் விட்டேன், அது கூடிப்போய்விட்டது. ஒவ்வொரு மறுப்பையும் அவர் எழுத்தில் தந்தார். அந்தக் கிழமைகளில் அவர் நன்றாகச் சாப்பிட்டார். பதினொரு மணிக்கு நான் கையைப் பிடித்துக் கீழே நடக்கக் கூட்டிப் போகும்போது தடியைக் கூட மறந்துவிட்டு வந்தார். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, என்ன மருந்து மாற்றினீர்கள் என்று என்னிடம் கேட்டார்.

ஐந்தாம் தரம் பிழை ஒன்றும் இல்லை. பென்சில் அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் அவர் விசயத்துக்கு வந்தார்.

"வடிவம் சரி. உள்ளடக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பாட விருப்பமுள்ளவன் அரசாங்கம் இல்லாமலும் பாடுவான். பறவைகளுக்கு யார் மானியம் கொடுக்கிறார்கள்?"

நான் அவருடைய சேட் ஒன்றை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தேன். "பறவைகளுக்கு வாடகை இல்லை, தொத்தோரே."

அவர் மனுவை ஒரு தரம் புரட்டினார். பிறகு கேட்டார். "அந்தப் பணத்துக்கு வைத்தியசாலையில் ஒரு கட்டில் போடலாம். நாடகம் முக்கியமா, கட்டில் முக்கியமா?"

 அன்று மிச்ச உடுப்பையும் மினுக்கி வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மனுசனிடம் கேட்டேன். அவரும் யோசித்துவிட்டு, "கட்டில்தான் முக்கியம் எண்டு எனக்கும் படுது" என்றார். நாடகத்தில் உத்தியோகத்தராக நடிக்கிறவர் அப்படித்தான் சொல்வார் என்று விட்டுவிட்டேன். ஆனால் நித்திரை சரியாக வரவில்லை. நான் போய்க் கதைக்கிற இடத்தில் இதே கேள்வியை யாராவது கேட்டால் கத்தரிக்காய் போல நிற்க வேண்டியதுதான்.

அடுத்த நாள் அவருக்குக் காலைக் கோப்பியைக் கொடுக்கும்போது பதில் தானாக வந்தது.

"தொத்தோரே, போன வருசம் உங்கள் இடுப்பு முறிந்து வைத்தியசாலையில் கிடந்தீர்கள். கட்டில் அரசாங்கம் தந்தது. நல்ல கட்டில். அதில் கிடந்துகொண்டு நீங்கள் என்னிடம் முதல் கேட்டது என்ன?"

"ஞாபகமில்லை."

"வானொலியைக் கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஓப்பரா போகும், அதைத் தவற விட முடியாது என்றீர்கள். நான் பேருந்தில் ஏறி இங்கே வந்து வானொலியை எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் ஒரு வாய் சூப் குடிக்கவில்லை. அந்த வானொலியும் அரசாங்கம் நடத்துகிறதுதானே. யாராவது அன்றைக்கு, கட்டில் போதும், ஓப்பரா வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால், நீங்கள் சூப் குடித்திருக்க மாட்டீர்கள்."

அவர் பென்சிலை எடுத்தார். நான் சொன்னதில் எதன் கீழே கோடு போடலாம் என்று தேடுவது போலக் கொஞ்ச நேரம் வெறுங்காற்றைப் பார்த்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, கோப்பி ஆறிப்போய்விட்டது என்றார். ஆறவில்லை. நான் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மனுவைக் கொடுத்தோம். நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நான் லீவு கேட்டபோது தொத்தோரே, "லீவு தேவையில்லை. நான் அங்கே போகிறேன். நீங்கள் என்னைக் கூட்டிப் போவது உங்கள் வேலை" என்றார்.

"எங்களுக்காகக் கதைக்கப் போகிறீர்களா?"

"நான் ஒரு பொது அமர்வைப் பார்க்கப் போகிறேன். அது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமை."

அன்று அவர் கறுத்தக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டார். சப்பாத்தை நான் மினுக்கினேன், அவர் திருப்திப்படவில்லை, தானே இன்னொருக்கால் மினுக்கினார். இயக்குநர் அரங்குக்குள் போடுகிற கறுப்பு உடுப்போடு வந்தா. எக்காளக்காரர் எக்காளத்தோடு வந்தார். கொண்டுவர வேண்டாம் என்று அவருக்கு மூன்று தரம் சொல்லியிருந்தது. வாசலில் நின்ற காவலர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஊதக்கூடாது என்று எச்சரித்தார். அவர் ஊதவில்லை. ஆனால் அமர்வு முடியும் வரைக்கும் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார்.

நீண்ட விறாந்தையில் உட்கார மர வாங்குகள் போட்டிருந்தன. முன்னால் பல பேர் இருந்தார்கள். கூடைப்பந்துக்காரர், தேனீ வளர்க்கிறவர், ஏதோ ஒரு கிராமத்து நூலகத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள். காத்திருந்த நேரத்தில் தேன்காரர் நூலகக்காரிகளில் ஒருத்திக்கு ஒரு போத்தல் தேன் கொடுத்தார். நான் இயக்குநரின் காதுக்குள், "எங்கள் நாடகத்தின் கலியாணக் காட்சியை இவர்கள் பார்த்திருக்கிறார்கள்" என்றேன்.

பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். பொது அமர்வு என்பதால் காத்திருந்தவர்களும் தொத்தோரேயும் உள்ளே வந்து பின்வாங்குகளில் இருந்தார்கள். நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் தலைவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ஓரத்தில் குறிப்பெழுதுகிற ஒரு நரைத்த உத்தியோகத்தர். எங்களுக்கு ஐந்து நிமிடம் என்றார்கள். நான் எழுந்தேன்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, கௌரவ உறுப்பினர்களே, மேற்படி விடயம் தொடர்பாகவும், அதனோடு இணைந்த ஏனைய விடயங்கள் தொடர்பாகவும்…"

தலைவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். முகம் மலர்ந்தது. "மேற்படி விடயத்தை இக்குழு உரிய கவனத்துடன் குறித்துக்கொள்கிறது" என்றார்.

"அவ்வாறு குறித்துக்கொண்டமைக்கு எமது நன்றியைப் பதிவுசெய்ய விரும்புகிறோம்."

"அந்நன்றி பதிவுசெய்யப்படுகிறது."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏழு வருசத்தில் என்னோடு இப்படிச் சமமாகக் கதைக்க ஒருவர் கிடைத்தது அன்றுதான். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் மாறி மாறிக் குறித்துக்கொண்டோம். மேசைக்குக் கீழே இயக்குநர் என்ர காலில் உதைத்தா. மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு நிமிடம் போய்விட்டது. இரண்டு பேரும் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

அப்போது தலைவருக்குப் பக்கத்திலிருந்த ஓர் உறுப்பினர் கேட்டார். "உங்கள் நாடகம் என்ன மொழியில்?"

"தமிழில்."

"அதுதான் எனக்குப் பிரச்சினை, சின்யோரா. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. எங்கள் சட்டம் சிசிலியின் பண்பாட்டை வளர்ப்பதற்கு. இது உங்கள் நாட்டின் பண்பாடு இல்லையா?"

அந்தக் கேள்விக்குத் தொத்தோரேயின் கடிதங்களில் பதில் இல்லை. மேற்படியும் கீழ்ப்படியும் எங்கோ ஓடிப்போய்விட்டன. சந்தையில் கேட்டுப் பழகிய மொழிதான் வாயில் வந்தது.

"ஐயா, எங்கடை நாடகம் ஒரு வரிசையைப் பற்றினது. வரிசையிலை நிக்கிறவை தமிழர். ஆனால் வரிசை உங்கடை. அதை நாங்கள் ஊரிலையிருந்து கப்பலிலை கொண்டுவரேல்லை."

நூலகப் பெண்கள் பின்னால் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சிரித்தது கேட்டது. நான் நிறுத்தவில்லை.

"அதிலை நடிக்கிற எங்கடை பிள்ளையள் மேடையிலை சண்டை பிடிக்கிறது சிசிலி மொழியிலை. தமிழிலை சண்டை பிடிக்க அவைக்குத் தெரியாது. இஞ்சை பிறந்ததுகள். உந்த அரங்கை மூடினால் நாங்கள் நாடகத்தை விட மாட்டம். திரும்பவும் வீட்டுக்குள்ளை நடிப்பம், எங்கடை சனம் மாத்திரம் பாக்கும். அரங்கு திறந்து கிடந்தால் எதிர்வீட்டுச் சனமும் வந்து பாக்கும். போன தரம் மரக்கறிக் கடைக்காரரும் வந்தவர். சொல் விளங்காமலே சிரிச்சவர். பிறகு கடையிலை என்னைக் கண்டால் தன்ரை பெர்மெசோக் கதையைச் சொல்லுறார், அவர் ஜெர்மனியிலை வேலைக்குப் போன காலத்துக் கதை. ஏழு வருசம் அவரிட்டைக் கத்தரிக்காய் வாங்கினன், அவர் வெளிநாட்டிலை வரிசையிலை நிண்டவர் எண்டு எனக்குத் தெரியாது. உந்தக் காசு எங்களுக்குத் தாற காசு இல்லை ஐயா. ஒரு தெருவிலை இருக்கிற ஆக்கள் ஒருத்தரையொருத்தர் அறியிறதுக்குத் தாற காசு."

நேரம் முடிந்தது என்று தலைவர் சொன்னார். நான் உட்கார்ந்தேன்.  இனி இயக்குநர் கதைப்பா என்று நினைத்தேன். ஆனால் பின்னால் ஒரு வாங்கு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் தொத்தோரே எழுந்து நிற்கிறார்.

குறிப்பெழுதுகிற நரைத்த உத்தியோகத்தர் அவரைக் கண்டதும் தன்னையறியாமல் எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். அவர் ஒரு காலத்தில் தொத்தோரேயின் கீழ் வேலை செய்தவராம். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு தொத்தோரேயைப் பார்த்தார்கள்.

"தங்களுக்குக் கதைக்க அனுமதி இல்லை" என்றார் தலைவர், ஆனால் மெதுவாக.

"இல்லை. அது சரி" என்றார் தொத்தோரே. "நான் ஒரு தகவல் மட்டும் தருகிறேன். இதைவிட நல்ல மனுக்களை நான் மறுத்திருக்கிறேன். சட்டப்படிதான் மறுத்தேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது இந்தச் சின்யோரா தினமும் பதினொரு மணிக்கு என்னை நடக்கக் கூட்டிப் போகிறார். நடக்கும்போது பார்க்கிறேன். நான் மறுத்த ஒரு அரங்கு இருந்த இடத்தில் குளியலறை ஓடு விற்கிறார்கள். இன்னொன்றில் டயர். ஒரு பாடசாலை இருந்தது, சின்னப் பிள்ளைகள் வயலின் பழகினது, அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, முன்னால் ஒரு அத்திமரம் முளைத்துவிட்டது. மறுத்து எழுதும்போது அங்கே பிறகு என்ன வரும் என்று கேட்க எனக்கு ஒரு பத்தி இருக்கவில்லை. படிவத்தில் அதற்கு இடமே இல்லை. ஒப்புதல் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மறுப்பதானால் தெரிந்துகொண்டு மறுங்கள்."

 அவர் உட்காரப் போனவர் திரும்பவும் நிமிர்ந்தார்.

"மேலும், மனுவின் இரண்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருக்கிறது. அது எனக்கு இன்று காலைதான் தெரிந்தது."

 திரும்பி வந்து லிப்டில் ஏறும்போது, நான் சந்தை மொழியில் கதைத்தது தனக்குப் பிடிக்கவில்லை என்று தொத்தோரே சொன்னார். வீட்டுக்குள் போனதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டாம் தரம் பாஸ்தா கேட்டார்.

முடிவு வர மாதங்கள் சென்றன. உதவி முழுவதும் நிற்கவில்லை, முழுவதும் தொடரவுமில்லை. குறைத்துக் கொடுத்தார்கள். அதோடு ஒரு நிபந்தனை: உதவி பெறுகிற ஒவ்வொரு அரங்கும் வருசத்தில் மூன்று நிகழ்ச்சியைப் பலெர்மோவுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். பண்பாடு பரவ வேண்டுமாம். கடிதத்தை நான் தொத்தோரேயிடம் காட்டினேன். இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். நீலம் எங்கும் இல்லை.

இயக்குநர் எங்களை ஒரு நாள் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போகச் சொன்னா. வாத்தியக் குழுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்வலங்கள் இருந்தன. எங்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. திங்கட்கிழமை ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று இருந்த ஒன்பது பேர் இப்போது மூட்டை முடிச்சோடு ரயில் ஏறினோம். என்ர மனுசன் பலகையில் செய்த உத்தியோகத்தர் யன்னலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரயிலில் அதை வைக்க இடமில்லாமல் மடியில் நிறுத்திப் பிடித்திருந்தார். முன்னால் இருந்த ஒரு மனுசி யன்னலுக்குள்ளால் பார்த்து, பகேரியாவுக்கு ஒரு டிக்கட் தாங்கோ என்று கேட்டா. பகிடியாகத்தான் கேட்டாவோ தெரியாது. என்ர மனுசன், டிக்கட் நிலையத்திலை எடுத்திருக்க வேணும் எண்டு சொல்லி யன்னலை மூடினார்.

ஒரு பழைய மாளிகையின் முற்றத்துப் பக்கத்து மண்டபத்தில் மேடை. வந்தவர்களில் முக்கால்வாசி இளைப்பாறிய சிசிலிக்காரர். பின்வரிசையில் அங்கே வேலை செய்கிற எங்கள் சனம் கொஞ்சம். நான் கதைச் சுருக்கத்தை இத்தாலிய மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு வரி வாசித்துவிட்டு அதை மடித்து விசிறியாக்கிக்கொண்டார்கள். முதல் பத்து நிமிடம் ஒரு சத்தமில்லை. கலியாணம் பேசுகிற காட்சிக்கு எங்கள் சனம் மட்டும் சிரித்தது. நான் வரிசையில் மூன்றாம் ஆளாக நின்றுகொண்டு, இது எங்களுக்கு வேண்டாத வேலை, காசை ரெஜியோனேக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பிறகு யன்னல் திறந்தது. என்ர மனுசன் தொப்பியோடு தலையை வெளியே நீட்டினார். வரிசையை மேலும் கீழும் பார்த்தார். முதல் ஆளின் தாளை வாங்கினார். திருப்பினார். மறுபக்கம் திருப்பினார். பெருமூச்சு விட்டார். ஒரு சொல் சொல்லவில்லை. மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவர் பேனையைத் தேடத் தொடங்கியதும் முன்வரிசையில் ஒரு கிழவர், பேனை காதில் இருக்கிறது என்று சத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகு சுருக்கம் எழுதின தாள் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. சண்டைக் காட்சியில் பிள்ளைகள் சிசிலி மொழியில் ஏசிக்கொண்டபோது, அந்த ஏச்சு பலெர்மோ ஏச்சு, பகேரியாவில் வேறு மாதிரிச் சொல்வோம் என்று யாரோ திருத்தினார்கள்.

முடிந்ததும் எல்லோரும் மேடைக்குக் கீழே வந்து கை கொடுத்தார்கள். நாங்கள் சாமான் கட்டத் தொடங்கினோம், ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என்ர மனுசனைக் காணவில்லை. தேடிப் போனால், மண்டபத்து மூலையில் தொப்பியோடு ஒரு கதிரையில் இருக்கிறார். முன்னால் ஒரு கிழவி. கைப்பையிலிருந்து தாள்களை ஒன்றொன்றாக எடுத்து அவருடைய மடியில் வைத்துக்கொண்டு ஏசுகிறா. தன்னுடைய ஓய்வூதிய விசயம் எத்தனை மாதமாக இழுபடுகிறது, தன்னை அங்கேயும் இங்கேயும் அலைய விடுகிறீர்கள், உங்களுக்கு வெட்கமில்லையா என்று கேட்கிறா.

"நான் நாடகக்காரன் எண்டு சொல்லுங்கோவன்" என்றேன் தமிழில்.

"சொன்னனான். அதெல்லாம் தனக்குத் தெரியுமாம், முதல் உதைப் பார் எண்டு சொல்லுறா."

அவர் தாள்களை உண்மையாகவே வாசித்துக்கொண்டிருந்தார். பத்து வருசமாக அந்த ஊரில் எல்லா வரிசையிலும் நின்ற மனுசன். ஒரு தாளை உருவி எடுத்து, இதிலே கையெழுத்து இல்லை, இதைக் கொண்டுபோய் ஓய்வூதிய அலுவலகத்து இரண்டாம் மாடியில் கொடுங்கள், கீழ்மாடியில் கேட்டால் அனுப்ப மாட்டார்கள், நேரே மேலே ஏறுங்கள் என்று குசினி இத்தாலிய மொழியில், தூசணம் இல்லாமல் சொன்னார். கிழவி அதைத் தன் கையால் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டா. எழுதி முடித்ததும் அவருடைய கன்னத்தில் தட்டிவிட்டுப் போனா.

நாங்கள் யன்னலைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினோம்.